மலை எங்கயும் போகாது, தடந்தான் போயிரும்

"திருப்பூருக்கு வர்றேன், சுத்திப் பாக்க என்னங்க இருக்கு?"

பதிவுலக நண்பர்கள் யாராவது கல்யாணத்துக்கோ கம்பெனி வேலையாவோ இந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா இந்தக் கேள்வி வரும். இதுக்கு உள்ளூர்க்காரங்க கிட்ட ரெடிமேடா ஒரு பதில் இருக்கு. "காதர்பேட்டையில நாலு பனியன் எடுத்துக்கங்க, அப்படியே ஊட்டிக்கு பஸ் ஏறிருங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவோம். ஆனா இந்தப் பதில்ல எனக்குக் கொஞ்சங்கூட சம்மதமில்லீங்க. மலைன்னா ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, அதுவும் கார்ல ஏறி, போட்டோ எடுத்து, வறுத்த கடலை தின்னுட்டு இறங்கறதுன்னு ஆகிப்போச்சு. ஊரைச் சுத்தி அம்பது கிலோமீட்டருக்குள்ள அஞ்சு சின்ன மலை நிக்குது. சிவன்மலை, ஊதியூர், சென்னிமலை, அலகுமலை, ஊத்துக்குளி கதித்தமலை. அஞ்சுலயும் முருகன்தான் குடியிருக்கார். சாமி கும்பிடப் போறோம், பைக்கை மேல வரைக்கும் ஓட்டிட்டுப் போறோம், திருநீறு வாங்கிட்டு இறங்கறோம். நடக்கறதுக்காக அந்தப் பக்கம் போற ஆளு ரொம்பக் கம்மி.

நான் போறேன். பல வருஷமாப் போறேன். அதனால எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நடக்கறவனுக்கு மலையோட உயரம் முக்கியமில்லீங்க. மலைக்குப் போற தடம்தான் முக்கியம். அந்தத் தடம் நம்ம கண்ணு முன்னாடியே காணாமப் போயிட்டு இருக்கு.

சிவன்மலைக்கு ஒரு சுத்து வழி

திருப்பூர்ல இருந்து காங்கயம் ரோட்டுல இருபத்தஞ்சு கிலோமீட்டர் போல போனா சிவன்மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியால தமிழ்நாடு பூரா பேர் வாங்கின கோயில். யாரோ ஒரு பக்தர் கனவுல ஆண்டவர் ஒரு பொருளைச் சொல்லுவார், பூக்கேட்டு உத்தரவானதும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்க. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அதுவே இருக்கும். மண்ணு வச்சா நிலம் விலை ஏறும், தண்ணி வச்சா வெள்ளம் வரும்னு ஊரே ஆராய்ச்சி பண்ணும். அது ஒரு தனிப் பதிவுக்கான மேட்டர், இப்ப வேண்டாம்.

மலை ஏற ஐந்நூறு படி கிட்ட இருக்கும். தார் ரோடும் இருக்கு. படியேறி இறங்கினா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சது. நான் அப்படிப் போறதில்ல. பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா அடிவாரத்துக்குப் போகாம, ஒரு இட்டேரியைப் பிடிச்சு மலையைச் சுத்திக்கிட்டு வருவேன். ரெண்டு மூணு மணி நேரம் நடை. கடைசியிலதான் படி.

வெளியூர் நண்பர்களுக்காக: இட்டேரின்னா ரெண்டு பக்கமும் உயிர்வேலி இருக்கற மண் தடம். ரெண்டு பேரோட காட்டுக்கும் நடுவுல, மாட்டு வண்டி ஒண்ணு போற அகலத்துல இருக்கும். வேலி பெரும்பாலும் கிளுவை. அதுமேல பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்து கிடக்கும். நடுநடுவுல சங்கமுள்ளு, சூரை, ஆவாரை, கள்ளி. நம்ம தலைக்கு மேல வேலி நிக்கற இடத்துல வெயில் கூட வடிகட்டித்தான் விழும். நாம நடக்கற சத்தம் கேட்டு கௌதாரி ஒண்ணு காலுக்கடியில இருந்து படபடன்னு எந்திரிச்சுப் பறக்கும் பாருங்க, எத்தனை தடவை பாத்தாலும் நெஞ்சு திக்குன்னும். ஓணான், கீரி, மயிலெல்லாம் கணக்கிலயே சேத்த வேண்டியதில்ல.

வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு. இதையும் விளக்கணும். கொங்கு நாட்டுல 'காடு'ன்னா வனம் இல்லீங்க. மழையை நம்பி வெதைக்கற மேட்டு நிலம் காடு, கிணத்துத் தண்ணி பாயறது தோட்டம். மேய்ச்சலுக்குன்னே விட்டு வச்ச நிலம் கொரங்காடு. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுத்தித்தான் மழை. மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு வர்ற தென்மேற்கு மழையை மறிச்சுக்குது, பாலக்காட்டுக் கணவாய் வழியா வெறும் காத்தை மட்டும் அனுப்பி விடுது. அந்த வறண்ட மண்ணுல நம்ம பாட்டனுங்க கண்டுபிடிச்ச ஏற்பாடு இது. கீழ கொழுக்கட்டைப் புல்லு, மேல வெள்வேல மரம், சுத்திலும் கிளுவை வேலி. புல்லு காய்ஞ்சாலும் வேர் சாகாது, ஒரு மழைக்குத் துளிர்த்துக்கும். கோடையில புல்லு இல்லாதப்ப வெள்வேலங்காய் உதிரும், ஆடு அதைத் தின்னு பொழைச்சுக்கும். நிலத்தைத் தடுப்புத் தடுப்பாப் பிரிச்சிருக்கறதால ஒரு பக்கம் மேயறப்ப இன்னொரு பக்கம் புல்லு வளரும். மேய்க்க ஆள் கூட வேண்டாம், காலையில உள்ள விட்டுப் படலைச் சாத்தினா சாயங்காலம் வந்து ஓட்டிக்கலாம். காங்கயம் காளைன்னு உலகத்துக்கே தெரிஞ்ச மாட்டினம் இந்தப் புல்லுலதான் வளந்துச்சு. செவலையாப் பொறந்து அப்புறம் சாம்பல் நிறத்துக்கு மாறுமே, அதே மாடுதான்.

இப்பப் படிக்கு வருவோம். ஏறி நின்னு பாத்தா ஊட்டி மாதிரி பள்ளத்தாக்கு, மேகமெல்லாம் தெரியாது. வேற ஒண்ணு தெரியும். கட்டம் கட்டமா வேலி போட்ட பூமி. காங்கயத்துக் களங்கள்ல காயப் போட்ட தேங்காய்ப் பருப்பு, தூரத்துல இருந்து வெள்ளை வெள்ளையாத் துணி விரிச்ச மாதிரி இருக்கும். அரிசி ஆலைகள். தெக்கால ஊதியூர் மலை. வடகிழக்கே சென்னிமலை. எல்லாத்துக்கும் நடுவுல காத்தாலைங்க நின்ன இடத்துலயே சுத்திட்டு இருக்கும். ஆடி மாசம் போனீங்கன்னா மேல நிக்க முடியாது, காத்து வேட்டியை உருவிட்டுப் போயிரும் :-)

நிக்கற பாறையும் லேசுப்பட்டதில்லீங்க. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலந்துங்கற வெள்ளைக்காரர் 1901-ல சிவன்மலைப் பாறைகளைப் பத்தியே தனியா ஒரு ஆய்வு நூல் போட்டிருக்கார். நெஃபிலின் சையனைட்டுன்னு சொல்ற, சாதாரணமாக் கிடைக்காத வகைப் பாறை. அதுல குருந்தக் கல் உண்டு. இங்கிலீஷ்ல 'கொரண்டம்'னு சொல்றாங்களே, அந்தப் பேரே நம்ம 'குருந்தம்'தான். பக்கத்துப் படியூர்ல பச்சைக்கல் தோண்டினாங்க. சென்னிமலைக்குப் பக்கத்துல நொய்யல் கரையில இருக்கற கொடுமணல்ல, சங்க காலத்துலயே கல் பட்டை தீட்டி மணி கோத்த பட்டறைங்க இருந்ததை அகழாய்வுல கண்டுபிடிச்சாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பூமி எக்ஸ்போர்ட் பூமிதான். அன்னிக்கு மணி, இன்னிக்குப் பனியன்.

லங்காஷயர்க்காரர் கேட்ட கேள்வி

நான் வேலை செய்யறது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில. இங்கிலாந்து பையர் ஒருத்தருக்காகத் தரம் பாக்க வந்த பெரியவர் ஒருத்தர், மதியம் சாப்பிடறப்பச் சாதாரணமாக் கேட்டார். "உங்க தொழிலாளிங்க ஞாயித்துக்கிழமை எங்க நடக்கப் போவாங்க?"

எனக்குக் கேள்வியே புரியல. எதுக்கு நடக்கணும்?

அவர் லங்காஷயர்க்காரர். தாத்தா, பாட்டி ரெண்டு பேரும் பஞ்சாலைத் தொழிலாளிங்க. அவங்க ஊருக்குப் பக்கத்துல பெண்டில்னு ஒரு மலை. அதைப் பத்தி அவர் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார், நான் சிவன்மலையைப் பத்திப் பேசற மாதிரியே. அதுக்கப்புறம் நானும் தேடித்தேடிப் படிச்சேன். பெண்டில் மலை கடல் மட்டத்துல இருந்து 557 மீட்டர்தான். நம்ம ஊட்டியே 2,240 மீட்டர். உயரத்துல கால்வாசி கூட இல்லாத ஒரு புல்லு மேடு. மரம் கூட அதிகமில்ல. ஆடு மேயும், மழை பேயும், காத்து அடிக்கும். அதைச் சுத்தி பர்ன்லி, நெல்சன், கோல்னேன்னு வரிசையாப் பஞ்சாலை ஊர்கள். ஒரு காலத்துல அதெல்லாம் அவங்க ஊர்த் திருப்பூருங்க.

அங்க சனிக்கிழமை அரை நாள் லீவுங்கறது சும்மா கெடச்சதில்ல. 1850-ல வந்த தொழிற்சாலைச் சட்டம்தான், ஜவுளி ஆலைகள்ல பொம்பளைங்களும் சின்னப் பசங்களும் சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மேல வேலை செய்யக்கூடாதுன்னு நிறுத்துச்சு. கெடைச்ச அந்த நேரத்துல பஞ்சு தூசியில இருந்து தப்பிச்சு மலைக்கு நடந்தாங்க. பெண்டில் அடிவாரத்துல 1912-ல நெல்சன் ஊர்த் தொழிற்கட்சிக்காரங்க சேந்து ஒரு சின்ன வீடு கட்டினாங்க. கிளாரியன் ஹவுஸ்னு பேரு. நடந்து வர்ற தொழிலாளிக்கு டீ கொடுக்கறதுதான் அதோட வேலை. நூறு வருஷம் தாண்டியும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்க டீ ஊத்தறாங்க.

எல்லா மலையும் அப்படித் திறந்து கிடக்கல. மான்செஸ்டர் பக்கத்துல கிண்டர் ஸ்கௌட்டுன்னு ஒரு மலைக்காடு. பணக்காரங்க கௌதாரி மாதிரி ஒரு பறவையைச் சுடறதுக்காக அதை மூடி வச்சிருந்தாங்க, காவலுக்கு ஆளு வேற. 1932 ஏப்ரல் 24 அன்னிக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை, நூத்துக்கணக்கான தொழிலாளிங்க, பெரும்பாலும் இளவட்டங்க, தடையை மீறி மேல நடந்தாங்க. அஞ்சு பேருக்கு ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். நடந்ததுக்காக ஜெயில்! ஆனா அதுக்கு அப்புறம் பேச்சு நிக்கல. 1949-ல ஒரு சட்டம் வந்து, பொது நடைபாதைகளை வரைபடத்துல ஏத்தணும்னு கவுண்டி நிர்வாகங்களுக்குக் கட்டளை போட்டாங்க. 2000-ல இன்னொரு சட்டம், மேட்டு நிலங்கள்லயும் திறந்த புல்வெளிகள்லயும் யாரு வேணும்னாலும் நடக்கலாம்னுச்சு. இன்னிக்கு இங்கிலாந்துல மட்டும் பொதுவழி 1,80,000 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அதுல ரொம்ப வழி தனியார் காட்டுக்குள்ளயே போகுது. ஆடு மேயற வயலுக்கு நடுவுல ஒரு ஏணிப்படி, தாண்டிப் போயிக்கலாம். வேலிக்கும் சட்டம் உண்டு. 1997-ல இருந்து, பழைய உயிர்வேலியை வெட்டி எடுக்கணும்னா முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கணும்.

இங்கிலாந்துக்காரனைப் பாத்து வாயப் பொளக்கறதுக்காக இதைச் சொல்லல. அவங்க ஊர்லயும் பொது நிலத்தை வேலி போட்டு வளைச்சு ஏழைய வெளிய தள்ளின கதை நூத்துக்கணக்கான வருஷத்துக்கு நடந்திருக்கு. நான் கவனிச்சது ஒண்ணுதான். அந்த மலைய 'அழகான மலை'ன்னு ஆக்கினது மலை இல்ல. வாரத்துல ஆறு நாள் மெஷின் சத்தத்துல இருந்தவங்க ஏழாம் நாள் நடந்து நடந்து ஆக்கினது. அதே மெஷின் சத்தம் இப்ப நம்ம ஊர்ல கேக்குது. தையல் மெஷினா மாறியிருக்கு, அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமை

வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூவாய்க்கு மேல எக்ஸ்போர்ட் பண்ற ஊர் இது. மதுரை, தேனி, திருவாரூர்ல ஆரம்பிச்சு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் வரைக்கும் சனம் வந்து நிறைஞ்சிருக்கு. சரக்கு ஏத்தற அவசரம்னா ஒண்ணரை ஷிஃப்ட். சனிக்கிழமை சம்பளம். ஞாயித்துக்கிழமை? கறி எடுக்கறது, துணி தொவைக்கறது, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சுத்து, ரூமுக்கு வந்து செல்போன். மறுபடி திங்கக்கிழமை.

எங்க கம்பெனியில ஓவர்லாக் மெஷின்ல இருக்கற ஒடிசாக்காரத் தம்பி ஒருத்தன், நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கான். கம்பெனி, ரூம், ரயில்வே ஸ்டேஷன், இந்த மூணைத் தவிர அவனுக்குத் திருப்பூர்னா என்னன்னே தெரியாது. போன கார்த்திகையில அவனையும் இன்னும் ரெண்டு பேரையும் சிவன்மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். மழை பேஞ்சு கிளுவை பச்சைப் பசேல்னு இருந்துச்சு. வேலிச் சந்துல செம்மறியைப் பாத்ததும் தம்பி நின்னுட்டான். அவங்க அப்பா ஆடு மேய்க்கறவராம். தமிழும் இந்தியும் கலந்து, ஆட்டுக்குக் காலுல புண்ணு வந்தா அவங்க ஊர்ல என்ன தழை கட்டுவாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தான். நாலு வருஷத்துல அவன் இத்தனை பேசி நான் கேட்டதே இல்ல.

கொஞ்ச தூரத்துல ஒரு தோட்டத்துக்காரர் எங்களை மறிச்சார். "யாருப்பா நீங்க? எந்தூரு? இங்கெதுக்கு வந்தீங்க?" நான் முன்னாடி போயி, "மலையைச் சுத்தி நடந்துட்டு வர்றோமுங்ணா, அப்படியே படியேறிப் போயிருவோமுங்க"ன்னேன். மேலயும் கீழயும் பாத்தார். "நடக்கறதுக்கா? கார் போற ரோடு இருக்குதே சாமி"ன்னார். அப்புறம் சிரிச்சுட்டு, "போங்க போங்க, அக்கட்டால மேட்டுக்குப் போனீங்கன்னா தடம் அடைச்சிருக்கும், வலது பக்கமாச் சுத்திக்கங்க"ன்னார்.

அவர் சொன்னது சரிதான். போன வருஷம் வரைக்கும் நடந்த இட்டேரி இந்த வருஷம் இல்ல. நிலத்தை வாங்கின யாரோ பிளாட் போட்டு, கிளுவையை வேரோட ஜேசிபியில தோண்டிப் போட்டுட்டு, கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்திருந்தாங்க. கம்பியில கௌதாரி கூடு கட்டாது. பிரண்டையும் ஏறாது.

எப்படிக் காணாமப் போகுது

ஒரே நாள்ல போறதில்ல. மாட்டு வண்டி போச்சு, அதனால இட்டேரிக்கு வேலை போச்சு. ஆடு மாடு கொறைஞ்சதும் கொரங்காட்டுக்கு வேலை போச்சு. கிளுவை வேலியை வருஷா வருஷம் கழிச்சு, இடைவெளி விழுந்த இடத்துல போத்து நட ஆளு வேணும். அந்த ஆளு எங்க? எங்க கம்பெனியில இருக்கான்! பனியன் தொழில் காட்டு வேலைக்கு ஆளில்லாம பண்ணினதுல எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கறேன். அப்புறம் நில விலை. பிளாட்டு, கோழிப் பண்ணை, சூரிய மின்சக்திப் பண்ணைன்னு நிலம் கை மாறும். வாங்கறவர் முதல்ல செய்யற வேலை, வேலியை எடுத்துட்டுக் கம்பி போடறது.

இன்னொரு விசயம் நிறையப் பேருக்குத் தெரியாது. நம்ம பக்கத்துப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. "மாமூல் தடத்தில் ஆள் நடக்கவும் கால்நடை ஓட்டவும் வண்டி வாகனம் செல்லவும் பாத்தியம்"ங்கற மாதிரி ஒரு வரி கண்டிப்பா இருக்கும். நம்ம பெரியவங்க நிலத்தை விக்கறப்பவும் தடத்தை விக்கல. கிராம வரைபடத்துலயும் புலப்படத்துலயும் வண்டிப்பாதைன்னு கோடு போட்ட தடங்களும் உண்டு. அதெல்லாம் புறம்போக்கு, யாரும் அடைக்க முடியாது. ஆனா பட்டா நிலத்துக்குள்ள போற மாமூல் தடம் வேற கதை. 1882-ல வந்த வசதியுரிமைச் சட்டப்படி, பக்கத்து நிலத்துக்காரர் இருபது வருஷம் தடங்கலில்லாம, உரிமையா நடந்தா அவருக்கு அந்தத் தடத்துல பாத்தியம் வந்துரும். அதே சட்டத்தோட 47-ஆம் பிரிவு என்ன சொல்லுது தெரியுங்களா? இருபது வருஷம் சுத்தமா நடக்காம விட்டா அந்தப் பாத்தியம் போயிரும். ரெண்டு மூணு விதிவிலக்கு இருக்கு, ஆனா பொதுவா இதுதான்.

அதாவது நடந்தா தடம் இருக்கும், நடக்காட்டி சட்டப்படியே செத்துரும். கடைசி மாட்டு வண்டி எந்த வருஷம் போச்சுன்னு உங்க ஊர் இட்டேரிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

இதுக்கு வர்ற மறுப்புகள்

மறுப்பு சொல்றவங்க பேச்சுலயும் நியாயம் இருக்கு, அதைத் தள்ளிவிட முடியாது.

முதல் மறுப்பு பயம். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்டுல மூணு பேரைக் கொன்னாங்க. அதுக்கப்புறம் ஒத்தை வீட்டுல இருக்கற பெரியவங்க, தெரியாத மொகத்தைப் பாத்தாலே நடுங்கறாங்க. இட்டேரியில எங்களை மறிச்ச அண்ணன் மேல எனக்குக் கோவமே வரல. ஆனா ஆள் நடமாட்டம் இல்லாத தடம் பாதுகாப்பானதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஞாயித்துக்கிழமை காலையில இத்தனை மணிக்கு, இந்தத் தடத்துல, கூட்டமா நடக்க வருவாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சிருந்தா, அந்தப் பெரியவங்களுக்கும் அது ஒரு துணைதான். நாலு தடவை வணக்கம் சொன்னா தெரியாத மொகம் தெரிஞ்ச மொகம் ஆயிரும்.

ரெண்டாவது, "தார் ரோடு வேண்டாங்கறீங்களா?" வேணுங்க. பால் வண்டி வரணும், ஆம்புலன்ஸ் வரணும். தார் போடுங்க. அதுக்காக ரெண்டு பக்கமும் வேலியை ஏன் வழிக்கணும்? 'வனத்துக்குள் திருப்பூர்'ன்னு 2015-ல இருந்து லட்சக்கணக்குல மரம் நட்டுட்டு இருக்காங்க, மனசாரப் பாராட்டறேன். ஆனா நட்டு, தண்ணி ஊத்தி, வேலி கட்டிக் காப்பாத்தற ஊர்லயே, யாரும் தண்ணி ஊத்தாம காலங்காலமா நிக்கற வேலியை ஜேசிபி வச்சு எடுக்கறது என்ன கணக்கு?

மூணாவது, "இந்த வெயில்ல எவன் நடப்பான்?" தைப்பூசத்துக்கு இந்த ஊர்ல இருந்து பழனிக்கு எத்தனை பேரு நடக்கறாங்க? கொழந்தையத் தோள்ல வச்சுட்டு, செருப்பில்லாம, தார் ரோட்டு ஓரத்துல, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி. நடை நமக்குப் புதுசு இல்ல. நடக்கத் தகுந்த தடம்தான் இல்ல.

என்ன பண்ணலாம்

ஒண்ணு, உங்க ஊர் புலப்படத்தைத் தமிழ்நிலம் இணையதளத்துல பாருங்க. வண்டிப்பாதைன்னு கோடு இருக்கா, தரையில அது இருக்கான்னு ஒரு தடவை நடந்து பாத்துட்டு வாங்க.

ரெண்டு, கிராமசபை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு வருஷத்துல பல தடவை கூடுது. "எங்க ஊராட்சிப் பொதுத்தடங்கள் இவை, இதுல இருக்கற உயிர்வேலியை எடுக்கக்கூடாது"ன்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க. காசு செலவில்லாத வேலை.

மூணு, கம்பெனி முதலாளிகளுக்கு. வருஷத்துக்கு ஒருக்கா பஸ் வச்சுத் தண்ணி விளையாட்டுப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறீங்க, சந்தோசம். மாசத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு வேன், ஒரு மலை. பையர் கேக்கற சுற்றுச்சூழல் அறிக்கையிலயும் எழுதிக்கலாம் :-)

நஞ்சராயன் குளத்தை நினைச்சுப் பாருங்க. சாயத்தண்ணிக் குளம்னு நாமளே மூக்கைப் பொத்திட்டுப் போன இடம். 2022-ல பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சார் பட்டியல். அதுக்கு அரசாங்கம் மட்டும் காரணமில்ல. காலையில பைனாகுலரோட அங்க போயி நின்ன சாதாரண ஆளுங்களும் காரணம். போயி நிக்கறதுக்கு அவ்வளவு பலம் உண்டு.

போறவங்களுக்குச் சில குறிப்பு. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் நல்ல காலம். ஆறு மணிக்கெல்லாம் இறங்கி நடங்க, பத்துக்குள்ள முடிச்சிருங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. படலைத் திறந்தா திரும்பச் சாத்துங்க, இல்லாட்டி ஆடு வெளிய போயிரும், அப்புறம் யாரையும் அந்தப் பக்கம் விட மாட்டாங்க. நாயைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஊதியூருக்குப் போறவங்க கொங்கணச் சித்தர் குகைக்குப் போற வழக்கமான வழியை விட்டு விலகாதீங்க, அது வனத்துறைக் காடு. 2023-ல அங்க சிறுத்தை நடமாடி வனத்துறை கூண்டு வச்ச இடம். பிளாஸ்டிக் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

அடுத்த நடை ஊதியூர்ப் பக்கம். காங்கயத்துல இருந்து தாராபுரம் பஸ்ஸு, காலையில முதல் வண்டி. ஒடிசாத் தம்பி இந்தத் தடவை அவன் ரூம்ல இருந்து அஞ்சு பேரைக் கூட்டிட்டு வர்றானாம். பதிவர்கள் யாரு வந்தாலும் சரி, ஒரு வரி எழுதிப் போடுங்க, டிபன் என் செலவு.

டிஸ்கி: உங்க ஊர்ல இட்டேரிக்கு என்ன பேரு? தஞ்சாவூர்ப் பக்கம், நெல்லைப் பக்கம், யாழ்ப்பாணத்துப் பக்கம் எல்லாம் இந்த மாதிரி வேலிக்கு நடுவுல போற தடத்தை எப்படிச் சொல்லுவீங்க, அது இன்னும் இருக்கான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. சேத்து வச்சு ஒரு பதிவாப் போட்டுருவோம்.